பழையபடி ஆயிட்டீங்க

பரணிதரனுக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அறிவும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், கோயம்புத்தூர் பீளமேட்டில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் யாரும் அவனை ஒன்றும் சொல்வதில்லை. ஆபரேஷன் முடிந்தவர்கள் எப்படித் தேறி வருகிறார்கள் என்று உடம்போடு ஒட்டிக்கொண்டே கவனிக்கிற கருவிகளைச் செய்கிற கம்பெனி அது. அங்கே செய்ததிலேயே ஊரெல்லாம் பேர் வாங்கியது 'தோழி'. அதன் மூளை முழுக்கப் பரணிதரன் போட்டது.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை, அவ்வளவுதான். ரவிக்கைக் கை முடிகிற இடத்துக்குக் கீழே ஒட்டிவிட்டால் போதும். நாடி, மூச்சு, தூக்கம், தோலின் வியர்வை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஒரு சின்ன விளக்கில் நிறமாகச் சொல்லிவிடும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் இன்னும் தேறவில்லை. சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. வீட்டிலிருக்கிறவர்களின் போனிலும் அதே நிறம் தெரியும். மஞ்சள் மாறிப் பச்சை எரிகிற அந்த நிமிஷத்தில் ஒரு பெண் குரல், "நீங்க பழையபடி ஆயிட்டீங்க" என்று தேன் ஒழுகச் சொல்லும்.

தோழியை முதன்முதலில் ஒட்டிக்கொண்டவள் பரணிதரனின் மனைவி கோகிலவாணிதான். ஆபரேஷன் ஒன்றும் இல்லை, சும்மா சோதனைக்கு. நடுவில் பரணிதரன் கம்பெனி வேலையாகப் பெங்களூர் போக வேண்டி வந்தது. அவன் ரயில் ஏறிய மறுநாளே கோகிலாவின் விளக்கு மஞ்சளாகிவிட்டது. அவன் திரும்பி வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டான், பச்சை! அலுவலகத்தில் ஒரே கும்மாளம்.

"அண்ணா, நீங்க ஊர்ல இல்லீன்னா அண்ணிக்கு உடம்பே செரியில்லாமப் போயிருதுங்க. பிரியம்னா இதுதான் பிரியம்," என்றான் கூட வேலை பார்க்கிற ரவூஃப்.

பரணிதரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "ஏம்புள்ள, நான் இல்லாம ஒரு வாரம் தாக்குப் பிடிக்க முடியலையா உனக்கு?" என்று சிரித்தான். அந்தப் பக்கம் கோகிலாவும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

அவனுடைய அக்கா அம்சவேணிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, தோழி சந்தைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா சின்ன வயசிலேயே போய்விட்ட வீட்டில் பரணிதரனுக்குத் தலை வாரியதும், சோறு கட்டிக் கொடுத்ததும், பரீட்சைக்கு எழுப்பி விட்டதும் அக்காதான். அக்காவுக்கு ஒன்று என்றால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தோழியை எடுத்துக்கொண்டு காங்கேயத்துக்குப் போய்விட்டான்.

"எதுக்குடா தம்பி இப்பவே ஒட்டற? ஆபரேஷன் அடுத்த வாரந்தானே?" என்றாள் அம்சவேணி, கையை நீட்டியபடி.

"அதுலதான்க்கா சூட்சுமமே இருக்குது. மத்த மிஷினெல்லாம் புஸ்தகத்துல இருக்கற கணக்க வெச்சுட்டு எல்லாரையும் ஒரே மாதிரி பாக்கும். தெனமும் ஓடறவனுக்கு நாடி மெதுவாத்தான் அடிக்கும். அவனப் பாத்து, ஐயோ சீக்குன்னு கத்தும். தோழி அப்படியில்ல. ஒரு வாரம் உன்ர வீட்டுல, உன்ர வேலைவெட்டியோட கூடவே இருந்து, அம்சவேணின்னா இப்படித்தான்னு கத்துக்கும். ஆபரேஷன் முடிஞ்சு நீ பழையபடி எப்ப ஆகறயோ, அப்பப் பச்சை எரியும்."

"பழையபடி ஆனா நல்லதா?"

"பின்னே? அதுக்குத்தானக்கா ஆபரேஷனே!"

அம்சவேணி வில்லையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அக்கா வீட்டுக்காரர் நாச்சிமுத்து எண்ணெய் மில்லிலிருந்து வந்துவிட்டார். கை நீட்டுகிற மனுஷர் இல்லை, குடிக்கிற மனுஷரும் இல்லை. நாலு பேர் நடுவில் மரியாதைப்பட்டவர். வாய் மட்டும்தான், அது வீட்டுக்குள் வந்ததும் வேறு வாயாகிவிடும். "வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க?" என்று பரணிதரனிடம் மலர்ந்து கேட்டவர், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன, மாடு கழுவுன தண்ணியா? தம்பி வந்த குசாலுல கை கால் வெளங்கலையா?" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

அம்சவேணியும் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய வலது கை சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது. பரணிதரன் அதைப் பார்த்தான். வெகு நாளாகப் பார்க்கிற பழக்கம்தான், அக்காவின் கை அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான் இருக்கும். கண்ணில் பட்டதே தவிர மனசில் ஏறவில்லை.

ஆபரேஷன் கோயம்புத்தூரில் நல்லபடியாக முடிந்தது. பிறந்த வீட்டில் வந்து தேறிக்கொண்டு போவதுதானே வழக்கம், அப்பாவும் அம்மாவும் இல்லாததால் அம்சவேணி தம்பி வீட்டுக்கு வந்து படுத்தாள். கனம் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, மூன்று மாசம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் ரெஜினா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

அக்காவின் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது. கோகிலா ஆட்டுக்கால் சூப்பும் பூண்டுக் குழம்புமாகச் செய்து போட்டாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் மொச்சை உரித்துக்கொண்டே டிவி பார்த்தார்கள், எதையோ சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நங்கையா, தையல் விட்டுரப் போவுது, சிரிக்காதீங்க!" என்று கோகிலா நாத்தனாரைப் பார்த்துக் கத்துவது தெருவரைக்கும் கேட்கும். பரணிதரனின் பைக் சத்தம் வாசலில் கேட்டால் மட்டும் டிவி கொஞ்சம் தணியும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, விளக்கைத் தவிர. பாழாய்ப் போன விளக்கு மஞ்சளைவிட்டு அசையவே இல்லை.

"இவ்வளவு நாள்ல பச்சை வந்திருக்கோணுமே," என்று ஆஸ்பத்திரியில் பரணிதரன் மண்டையை உடைத்துக்கொண்டான்.

"எனக்கு நல்லாத்தான் தெரியறாங்க. காயம் அருமையா ஆறியிருக்கு. உங்க மிஷின்தான் வேற என்னமோ சொல்லுது," என்றார் டாக்டர் ரெஜினா.

அவனுக்குச் சுருக்கென்றது. தன்னையே குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வான், தோழியைச் சொன்னால் பொறுக்க மாட்டான். கோபத்தை டாக்டரிடம் காட்ட முடியாமல் வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் காட்டினான். "ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டே இருந்தா எங்கேர்ந்து தேறும்? நடக்க வெக்கறதில்லையா நீ? எல்லாம் நானே சொல்லோணுமா?" ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஒரு சத்தம். கோகிலா உள்ளே போய்விட்டாள். இரண்டு நிமிஷத்தில் அவன் கோபம் இறங்கிவிட்டது. இறங்கிவிடும், அதுதான் அவனுடைய நல்ல குணம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அம்சவேணி மட்டும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "மஞ்சளா இருந்தா நான் இங்கயே இருக்கோணுமா தம்பி?"

"ஆமாக்கா. பச்சை வர்ற வரைக்கும் எங்கயும் நகரக் கூடாது."

"மஞ்சளு நல்ல நெறந்தான்," என்றாள் அவள். "மங்களகரமா இருக்குது."

ஒரு நாள் மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த நேரம், அலுவலகத்திலிருந்த பரணிதரனின் போன் அலறியது. அக்காவின் நாடி இறங்கி, மூச்சு மெதுவாகி, எல்லாமே அவளுடைய வழக்கத்தைவிட்டு எங்கேயோ விலகிப் போயிருந்தது. மஞ்சள் கறுத்துச் சிவப்பின் விளிம்பில் நின்றது. அவன் நனைந்துகொண்டே வண்டியை விரட்டி வந்து வீட்டுக்குள் பாய்ந்தான். கூடத்தில் கோகிலாவின் மடியில் தலை வைத்து, வாரிவிட்ட முடி தரையில் புரள, வாய் லேசாகத் திறந்தபடி அக்கா படுத்திருந்தாள்.

"அக்கா! அக்கா! கண்ணத் தொற!" தோளைப் பிடித்து உலுக்கினான்.

"தூங்கறாங்க... இப்பத்தானுங்க தூங்குனாங்க," என்றாள் கோகிலா.

அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே! மிரண்டு விழித்த அக்காவைத் தூக்கி ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் ரெஜினா எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திருப்பி அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக நாச்சிமுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார். தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்சவேணியின் கை நின்றது. அவர் வாசல்படி ஏறி, "என்ன, மகாராணி இன்னும் பள்ளி எந்திரிக்கலையா?" என்று குரல் கொடுத்தார். பரணிதரனின் போனிலிருந்து தேன் ஒழுகியது: "நீங்க பழையபடி ஆயிட்டீங்க."

பச்சை! பளிச்சென்ற பச்சை!

பரணிதரனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மாமா! டாக்டர் என்னமோ சொன்னாங்களே! மாமன் மொகத்தப் பாத்தாத்தான் எங்கக்காளுக்குத் தெம்பு வருது!" என்று கத்தினான். நாச்சிமுத்துவுக்கும் பெருமை பிடிபடவில்லை, மீசையைத் தடவிக்கொண்டார். இதொன்றும் புதுசு இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும், இல்லை வீட்டுக்காரரைப் பார்த்ததும், பச்சைக்கு மாறுகிறவர்கள் ஏகப்பட்ட பேர், அதிலும் பெண்கள். 'வீடே மருந்து' என்று கம்பெனி அதை விளம்பரமாகவே போட்டிருந்தது.

அம்சவேணி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "இது பழுதாயிருக்குமோ தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லு," என்றாள்.

"ஏன்க்கா, நீயுமா? பழுதே ஆகாது. நான் செஞ்சது!"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கோகிலா அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போகட்டுங்க. அங்க போனா அவங்கள உக்கார உட மாட்டாங்க."

"பச்சை எரியுது புள்ள. எதச் சொல்லி நிறுத்தறது?"

"வெளக்கு எரிஞ்சா ஆச்சா? நங்கையா மொகத்தப் பாத்தீங்களா?"

"எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ? அது அவங்க குடும்ப விஷயம், நீ சும்மா இரு!" சத்தம் கூடத்துக்குக் கேட்டது. கோகிலா வாயை மூடிக்கொண்டாள். வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம், புதுச் சேலை என்று எந்தக் குறையும் வைக்காமல் அக்காவை அனுப்பி வைத்தார்கள். காரில் ஏறும்போது அம்சவேணி திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்டா சாமி," என்று சிரித்தாள். சேலைத் தலைப்பு அவள் கைக்குள் போயிருந்தது.

காங்கேயம் போய்ச் சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, அடிவகுறு ஒரு மாதிரி இழுத்துப் புடிக்குதுடா. குடம் தூக்குனதுல இருந்து."

"குடமா? எதுக்குக்கா குடம் தூக்குன?"

"மோட்டாரு ரிப்பேரு. உங்க மாமா, பச்சைதானே எரியுது, படுத்துட்டே இருந்தா எப்படின்னாரு."

பரணிதரன் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான். பச்சை. நாடி, மூச்சு, தூக்கம் எல்லாம் அக்காவின் பழைய வழக்கம் போலவே இருந்தன. காய்ச்சலும் இல்லை. "பச்சையாத்தான்க்கா இருக்குது. தையல் இழுக்கும், அப்படித்தான். வலி மாத்திரை போட்டுக்கோ. மனசுல போட்டுக் கொழப்பிக்காத."

"செரி சாமி," என்றாள். "நீ சொன்னாச் செரி."

அதற்கப்புறம் அவள் வலியைப் பற்றி அவனிடம் பேசவில்லை. கோகிலாவிடம் மட்டும் ஒரு தடவை அழுதாளாம். கோகிலா வந்து சொன்னபோதும் அவன் போனைத்தான் எடுத்துக் காட்டினான். காங்கேயத்திலும் அதே கதைதான். முனகினால் நாச்சிமுத்து அவள் கையைத் திருப்பி விளக்கைக் காட்டுவாராம், "உன்ர தம்பி மிஷினே சொல்லுது" என்று. பாவி மனுஷர் அந்த விளக்கை முழுசாக நம்பினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். செய்தவனே நம்பினான், அவர் நம்ப மாட்டாரா?

விளக்கு சிவப்பானது ஒரு நாள் அவளைக் கோயம்புத்தூருக்கு ஆம்புலன்சில் கொண்டுவரும்போதுதான். திருப்பூர் தாண்டுவதற்குள் அம்சவேணி போய்ச் சேர்ந்தாள்.

ஓசூரில் வேலை பார்த்த அவள் மகன் வந்து கொள்ளி வைத்தான். பரணிதரன் அழவில்லை. பச்சையாக இருந்ததே, பச்சையாகத்தானே இருந்தது என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கருமாதி முடிந்த மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ரெஜினாவின் அறைக்குப் போய் உட்கார்ந்தான்.

"உள்தையல் பிரிஞ்சு சீழ் கட்டியிருக்கு," என்றார் டாக்டர். "காய்ச்சல் தெரியாமப் போனதுக்கு அந்த வலி மாத்திரை காரணம். அது வலி, காய்ச்சல் ரெண்டையும்தான் அமுக்கும். ஆனா நாடி எகிறியிருக்கணுமே?"

"எகிறல டாக்டர். எகிறியிருந்தா மஞ்சள் வந்திருக்கும்."

"இதோ எகிறியிருக்கே. மூச்சும் வேகமா இருக்கு, தூக்கம் துண்டு துண்டா இருக்கு, வேர்த்துக் கொட்டியிருக்கு. இதையெல்லாம் பார்த்துமா பச்சை காட்டுச்சு?"

பரணிதரன் திரையை முன்னால் தள்ளினான். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், தோழி அம்சவேணியைக் கற்றுக்கொண்ட வாரம், அங்கே விரிந்தது. அதே நாடி. அதே மூச்சு. அதே துண்டு துண்டுத் தூக்கம்.

"எங்கக்காளுக்கு எப்பவுமே அப்படித்தான் டாக்டர். அவ ஒடம்பு வாகு."

"இல்லையே. ஆபரேஷனுக்கு முன்னால என் ரூம்ல பார்த்தப்ப அவங்களுக்கு நாடி சாதாரணமா இருந்துச்சு. வார்டுல சாதாரணமா இருந்துச்சு. உங்க வீட்டுல இருந்த வரைக்கும் ரொம்பச் சாதாரணமா இருந்திருக்கு, பாருங்க. அப்பல்லாம் உங்க மிஷின் மஞ்சள்னு சொல்லியிருக்கு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வேற எங்கதான் பரணிதரன் அவங்களுக்கு எகிறுச்சு?"

அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. சீழ் வைத்த உடம்பு எப்படித் துடிக்குமோ, அப்படித்தான் அவள் அந்த வீட்டில் நல்ல உடம்போடு இருந்தபோதே துடித்திருக்கிறாள். இத்தனை வருஷமும். அதைத்தான் அவன் செய்த கருவி 'அம்சவேணி' என்று கற்றுக்கொண்டது.

திரையில் ஒரு இடத்தில் கோடு சரேலென்று கீழே இறங்கிக் கிடந்தது. எல்லாவற்றையும்விடத் தாழ்வான இடம். தேதியைப் பார்த்தான். மழை பெய்த அந்த மத்தியானம். அவளுடைய நாடியும் மூச்சும் அவ்வளவு அமைதியாக வேறு எந்த நாளும் இருந்ததில்லை. அந்தத் தூக்கத்திலிருந்துதான் அவளை உலுக்கி எழுப்பி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். பரணிதரன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அப்போதுதான் அழுதான். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

கம்பெனிக்கு வந்து தோழி விற்பனையை நிறுத்தச் சொல்லி மேலே எழுதினான். ரவூஃப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நோயாளிகளின் கணக்கைப் புரட்டினான். பேர் இல்லை, ஊர் இல்லை, வெறும் எண்கள். ஆஸ்பத்திரியில் மஞ்சள், வீட்டில் பச்சை. ஆஸ்பத்திரியில் மஞ்சள், வீட்டில் பச்சை. பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. 'வீடே மருந்து' விளம்பரம் எதிர்ச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஷின் தப்புப் பண்ணலீங்கண்ணா," என்றான் ரவூஃப் மெல்ல. "பழையபடி ஆயாச்சான்னு கேட்டோம். ஆயாச்சுன்னு சொல்லுச்சு. பழைய நாள் எப்படி இருந்துச்சுன்னு நாமதான் கேக்கல. இப்ப நம்ம அண்ணிக்கேகூட..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான். முகம் வெளிறிவிட்டது. திரைப்பக்கம் திரும்பி எதையோ அவசரமாகத் தட்டத் தொடங்கினான்.

பரணிதரன் எழுந்தான். வெளியே வந்து வண்டியை எடுத்தான். தெருமுனையிலேயே இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. சாயங்கால வெயில் வாசலில் கிடந்தது. உள்ளே டிவி சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. கூடவே கோகிலா பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பாடுவாள் என்பதே அவனுக்குத் தெரியாது. நல்ல குரல். அவன் படியில் நின்றபடியே பாட்டு முடிகிறவரை கேட்டான். பிறகு கதவைத் தட்டினான்.

பாட்டு நின்றது. டிவி தணிந்தது.

"வண்டிச் சத்தமே கேக்கலீங்களே," என்றாள் கோகிலா கதவைத் திறந்து. "டீ வெக்கட்டுங்களா?"

"வேண்டாம். உக்காரு." தன் குரலைத் தணித்துத் தணித்துப் பேசினான், அது யாருடைய குரலோ மாதிரி இருந்தது. "கோகிலா, நான் பெங்களூர் போயிருந்தப்ப... உனக்கு மஞ்சள் வந்துச்சே..."

அவள் அவனையே பார்த்தாள்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க," என்றாள்.

"ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க போன் பண்ணிச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன்." அவள் கண்ணில் நீர் தளும்பியது. "நங்கையாளுக்கும் தெரியுமுங்க. அன்னிக்கு மழை பேஞ்சுதே, அப்பத்தான் என்ர மடியில படுத்துட்டுக் கேட்டாங்க, உனக்கும் மஞ்சள் வருமா கோகிலான்னு. வந்துச்சுங்க நங்கையான்னு சொன்னேன். எப்பன்னாங்க. சொன்னேன். ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். சிரிச்சுட்டேதான் தூங்குனாங்க."

"சொல்லியிருக்கலாமே... எங்கிட்ட ஒரு வார்த்த..."

"சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க. எந்தம்பி ராப்பகலாக் கஷ்டப்பட்டுச் செஞ்ச மிஷினு, தப்புன்னு தெரிஞ்சா மனசொடஞ்சு போயிருவான், உட்டுரு, மஞ்சளா இருக்கற வரைக்கும் இங்க இருந்துக்கறேன்னாங்க." கோகிலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க காங்கேயம் போன பொறகாச்சும் நான் சொல்லியிருக்கோணும். நீங்க சத்தம் போடுவீங்கன்னு இருந்துட்டேன். அந்தப் பாவம் எனக்குந்தான்."

பரணிதரனுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வேண்டும், இனிமேல் சத்தம் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் 'செரிங்க' என்பாள். அக்காவும் அப்படித்தான் சரி சரி என்றாள்.

"டிவியக் கொறைக்காத," என்றான் கடைசியில். "நீ எப்பவும் போல வெச்சுக்கோ. பாடு."

"செரிங்க," என்றாள் கோகிலா.

ரிமோட் அவளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அவன் குனிந்து பார்த்தான். அவளுடைய வலது கை துப்பட்டாவின் முனையைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது.